ஊதா நிறத்தை எவ்வளவு நம்பலாம்?

2025 மார்ச் 4
எம்சிஎஃப்-7 செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றினேன். 1970-இல் மார்பகப் புற்றுநோயால் இறந்த மிச்சிகன் கன்னியாஸ்திரீ ஒருவரின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்த செல்களின் வாரிசுகள் இவை. அரை நூற்றாண்டாகியும் பெருகுவதை நிறுத்தவில்லை.

பாதிக் குழிகளில் மிர்-21-ஐ முடக்கும் எதிர்த்துண்டு, அதாவது அதோடு ஒட்டிக்கொள்ளும் எதிர் வரிசைத் துண்டு. மீதியில் வரிசை கலைத்த வெற்றுத்துண்டு. மிர்-21 சுமார் 22 எழுத்து நீளமுள்ள மைக்ரோ ஆர்என்ஏ. தான் புரதமாவதில்லை, பிற மரபணுக்களின் தூது ஆர்என்ஏவைப் பற்றிக்கொண்டு, அவற்றையும் புரதமாகவிடாமல் தடுக்கும். அது அமுக்குவது பிடென், பிடிசிடி4 என்ற, செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் புரதங்களை. 2005-இல் மார்பகக் கட்டிகளை இயல்பான திசுவோடு ஒப்பிட்டபோது மிர்-21, மிர்-155 மிகுந்தும் மிர்-125பி, மிர்-145 குறைந்தும் காணப்பட்டன.

மார்ச் 5
அத்தை தொலைபேசியில், "மருந்து எப்போது வரும்?" என்றார். மிர்-34 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏவை மருந்தாகக் கொடுத்துப் பார்த்த சோதனை, கடும் நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டதைச் சொன்னேன். "அப்படியானால் நீ எதற்கு?" என்றார். நியாயமான கேள்விதான்.

மார்ச் 7
உயிருள்ள செல்களை நிறத்தால் அளக்கும் எம்டிடி சோதனை. மஞ்சள் கரைசலை உயிருள்ள செல்கள் ஊதாப் படிகமாக மாற்றுகின்றன. நுண்ணோக்கியில் செல்களின் மேல் ஊசி ஊசியாக முளைத்திருந்தன. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்ததும் வெற்றுத்துண்டுக் குழிகள் அடர் ஊதா. மிர்-21 முடங்கியவை வெளிர்.

வழிகாட்டிக்கு மகிழ்ச்சி. எனக்கு அரை மகிழ்ச்சி. நிறம் வெளிறியது செல்கள் செத்ததாலா, பிரிவது மந்தமானதாலா? நிறமானி அதைச் சொல்லாது. செத்த செல்களை மட்டும் நீலமாக்கும் டிரைப்பான் நீலம் ஏற்றி எண்ணியாக வேண்டும்.

மார்ச் 11
இன்றைய வாசிப்புக் கூட்டத்தில் மிர்-10பி. புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகம் 2007-இல் காட்டியது: ட்விஸ்ட் என்ற புரதம் இதைத் தூண்ட, இது ஹாக்ஸ்டி10 என்ற இன்னொரு புரதத்தை அடக்க, செல்கள் அண்டைத் திசுவுக்குள் ஊடுருவுகின்றன. 2010-இல் எலிகளுக்கு அதன் எதிர்த்துண்டைச் செலுத்தினார்கள். மார்பகக் கட்டி சுருங்கவில்லை. நுரையீரலுக்குப் பரவுவது மட்டும் வெகுவாகக் குறைந்தது.

என் ஊதாத் தட்டில் அந்த எதிர்த்துண்டு தேறியிருக்காது. நோயாளியின் உயிரை எடுப்பதோ பெரும்பாலும் பரவல்தான். பெருக்கத்தை மட்டும் அளந்து மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கு நல்லது, கெட்டது என்று முத்திரை குத்தும் கட்டுரைகள் மீது எரிச்சல் வருகிறது.

எம்சிஎஃப்-7 அவ்வளவாக ஊடுருவாது. நன்றாக ஊடுருவும் எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களும், ஊடுருவலை அளக்கும் துளைச் சவ்வுக் கிண்ணங்களும் கேட்டு எழுதிக் கொடுத்தேன். விலையைப் பார்த்த வழிகாட்டி, முதலில் நீல எண்ணிக்கையை முடிக்கச் சொல்லிவிட்டார்.