துருவில் ஒட்டிப்போன பிரேக் டிஸ்க்: மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை

திருவொற்றியூரில் எங்கள் தெருவிலிருந்து கடல் 400 மீட்டர்கூட இருக்காது. தை மாதம் ஜன்னல் கம்பிக்கு பெயின்ட் அடித்தால் ஐப்பசிக்குள் கொப்பளித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் என் 2001 மாடல் ஹோண்டா சிட்டி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையின்போது பாதிச் சக்கரம் முங்க இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் எஞ்சின், வயரிங் எல்லாம் பார்த்தேன். பிரேக்கை மட்டும், ஓட்டினால் துரு தேய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அதுதான் தப்பு. ஏனென்றால் அதற்குப்பிறகு வண்டி சரியாக ஓடவே இல்லை. பெரும்பாலும் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடந்தது.

15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். என் வண்டிக்கு அது 2026-இல். அதற்குள் பிரேக்கைச் சரிசெய்துவிடலாம் என்று இறங்கினேன். மிதித்தால் பெடல் காலடியில் துடித்தது, ஸ்டீயரிங் லேசாக ஆடியது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், சக்கரத்தோடு சுற்றும் இரண்டு டிஸ்க் தட்டிலும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் பேடு நின்றிருந்த இடம் அச்சு வைத்ததுபோல் துருவாகப் பதிந்திருந்தது. ஓரத்தில் ஏடு ஏடாக உரிந்தது. இனி லேத்தில் கொடுத்துச் சீவினாலும் பிரயோஜனமில்லை. தடிமன் இதற்குக் கீழே போகக்கூடாது என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். என்னுடையது ஏற்கெனவே அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் ஒரு ஜோடி புது டிஸ்க், ஒரு செட் பேடு வாங்கி வந்தேன். டிஸ்க்கை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம்.

முதல் ஞாயிறு. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல், ஹேண்ட்பிரேக், முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் இறக்கினேன். வெறும் ஜாக்கியை நம்பி இந்த வேலையைச் செய்யவே கூடாது, ஏனென்றால் இழுப்பதும் தட்டுவதும்தான் இதில் பாதி வேலை. இடது பக்கம் முதலில். பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் போய்விடும். பிறகு கேலிப்பர் பிராக்கெட்டின் இரண்டு 17 சைஸ் போல்டு. அதற்கப்புறம் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூ.

இந்த ஸ்க்ரூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்த்தால் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ மாதிரி இருக்கும். ஆனால் அது ஜப்பான் அளவு. நம் வீட்டு ஸ்டார் டிரைவரின் முனை அதில் முழுசாக உட்காராது. திருகினால் மேலே வழுக்கி வந்து பள்ளத்தைத் தின்றுவிடும். சரியான முனையைப் போட்டு, இம்பாக்ட் டிரைவரால் பின்னால் ஓர் அடி அடித்தால், அடிக்கும் அதே நொடியில் அது திருகவும் செய்கிறது. இடது பக்கம் இரண்டும் அப்படியே வந்தன. டிஸ்க்கில் இரண்டு மரைபோட்ட துளை இருக்கிறது, 8 மி.மீ. போல்டுக்கு. இரண்டு போல்டை விட்டு மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முடுக்கினால், அவை பின்னால் இருக்கும் ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பாகம்) முட்டி டிஸ்க்கை வெளியே தள்ளும். "டக்" என்று ஒரு சத்தம். கையோடு வந்துவிட்டது. மொத்தம் 40 நிமிடம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வலது பக்கமும் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

வலது பக்கம் தண்ணீர் அதிகமாக நின்ற பக்கம், தெருவின் பள்ளமான ஓரம். ஒரு ஸ்க்ரூ வந்தது. இன்னொன்றின் பள்ளம் துருவாலேயே நிறைந்திருந்தது. மூன்றாவது அடியில் பள்ளமே இல்லாமல் வட்டமாகிவிட்டது. சரி என்று துளை போட்டேன். முதலில் 3, அப்புறம் 5, கடைசியில் 8 மி.மீ. பிட். மெதுவாக, நடுவில் எண்ணெய் விட்டு. தலை சுருளாகக் கழன்று வந்தது. அந்த ஸ்க்ரூ போனால் பயப்பட வேண்டாம்: சக்கரம் மாட்டியபின் டிஸ்க்கை அழுத்திப் பிடிப்பது வீல் நட்டுதான்.

பிறகு அதே இரண்டு போல்டை விட்டேன். இடது பக்கம் நன்றாக உழைத்த போல்டு, இங்கே ஒன்று தலையோடு முறிந்தது. தலையில் வலிமையைக் காட்டும் எண் எதுவும் பொறிக்காத சாதாரண போல்டு அது. இன்னொரு துளையில் மரை துருவில் கரைந்திருந்தது. கோபத்தில் இரும்புச் சுத்தியை எடுத்து ஓரத்தில் நாலு போடு போட்டேன். டிஸ்க்கின் விளிம்பு ஒரு நகக்கண் அளவு உடைந்து தெறித்தது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

அன்று சாயங்காலம்தான் எதிர்வீட்டு அண்ணன் வந்தார். காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். என் சுத்தியை வாங்கி டிஸ்க்கை லேசாகத் தட்டினார், நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி "தொம்" என்றது.

"கேட்டியா தம்பி? ஹப்பும் இதுவும் ஒரே துண்டாட்டம் பேசுது. எங்க புடிச்சிருக்குன்னு பாக்காம அடிச்சா பேரிங்குதான் போவும்."

"எங்கண்ணே பிடிச்சிருக்கு?"

நடு வளையத்தை விரலால் காட்டினார். டிஸ்க்கின் நடுத் துளை, ஹப்பின் நடுவில் மேடாக நிற்கும் வளையத்தின்மேல் இறுக்கமாக உட்காரும். இரண்டுக்கும் இடையில் ஒரு மயிரிழைதான் இடைவெளி. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அந்த மயிரிழையில் துரு ஊதினால் ஆப்பு அடித்த மாதிரி. டிஸ்க்கின் பின்முகமும் ஹப்பின் தட்டையான முகமும் ஒட்டுவது இரண்டாவது பிடி, ஆனால் அது லேசானது. முதல் பிடி விட்டால் இரண்டாவது தானே விடும். நான் இவ்வளவு நேரம் அடித்தது, பிடியே இல்லாத விளிம்பில்.

படகில் புரொப்பல்லரைத் தண்டிலிருந்து கழற்றுவதும் இதே கதைதான் என்றார். உப்பில் பிடித்ததை அடித்து எடுக்க முடியாது. தொடர்ந்து ஒரு இழுப்பு கொடுத்துக்கொண்டு, நடுநடுவே தட்ட வேண்டும். இழுப்பும் வேண்டும், அதிர்வும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

நடு வளையத்தைச் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மேல்துருவை எடுத்துவிட்டு டபிள்யூடி-40 அடித்தேன். வீல் நட்டு மாட்டும் ஸ்டட்டுகளின் அடியிலும் அடித்தேன். துருவின்மேல் அடித்தால் எண்ணெய் உள்ளே போகாது, அதனால் பிரஷ் முதலில். அந்த வாரம் முழுக்க ராத்திரி சாப்பாட்டுக்குமுன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு போய் நாலு சொட்டு, பிறகு ரப்பர் சுத்தியால் நாலு தட்டு. நெருப்பு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பேரிங் கிரீஸும் பக்கத்தில் ரப்பர் உறையும் இருக்கிற இடத்தில் எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது ஞாயிறு எண்ணெய் ஊறியும் வரவில்லை. தள்ளுவதற்குப் பிடிமானம் இல்லை என்பதுதான் பிரச்சினை, ஏனென்றால் மரைபோட்ட இரண்டு துளையும் கெட்டுவிட்டன. பாரிமுனைக்குப் போய் தலையில் 8.8 என்று பொறித்த நீளமான 12 மி.மீ. போல்டு ஒன்று, நட்டு இரண்டு, தடித்த வாஷர் நாலு வாங்கினேன். கடையிலேயே போல்டில் நட்டை விட்டு முழுசும் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

மூன்றாவது ஞாயிறு காலை 7 மணி. கேலிப்பர் பிராக்கெட் கழன்ற இடத்தில், ஹப்பைத் தாங்கும் கணுவில் இரண்டு காது இருக்கும், ஒவ்வொன்றிலும் மரையில்லாத துளை. புதுப் போல்டின் தலை டிஸ்க்கின் முதுகைப் பார்க்கும்படி, தண்டு அந்தத் துளைக்குள் போகும்படி வைத்தேன். காதுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் தண்டில் நட்டும் வாஷரும். நட்டைப் பானாவால் திருகத் திருக, அது காதில் ஊன்றிக்கொண்டு போல்டை வெளியே தள்ளும். போல்டுத் தலை டிஸ்க்கை முதுகிலிருந்து தள்ளும். ஒரே இடத்தில் விடாப்பிடியாகத் தள்ளினால் டிஸ்க் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். அதனால் கொஞ்சம் இறுக்கி, நடுப்பகுதியில் ஸ்டட்டுகளுக்கு இடையில் தட்டி, நட்டைத் தளர்த்தி, டிஸ்க்கைக் கால் வட்டம் சுற்றி, மறுபடி இறுக்கி. ஸ்டட்டின் மரையில் அடி படாமல் இருக்கப் பழைய வீல் நட்டுகளை நுனியில் விட்டிருந்தேன்.

ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஒன்றுமில்லை. மூன்றாவது சுற்றில் தட்டும்போது சத்தம் மாறியது. "தொம்" என்றிருந்தது "டங்" என்று தனியாகக் கேட்டது, தட்டு வேறு, ஹப் வேறு என்று. நடு வளையத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது, அதில் எண்ணெயோடு காபித்தூள் மாதிரி துரு வழிந்தது. அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன், வந்துவிட்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து "வந்துச்சா?" என்று குரல். டிஸ்க்கைத் தூக்கிக் காட்டினேன்.

என்னைக் கேட்டால் முக்கியமான வேலை இதற்குப் பிறகுதான். ஹப்பின் முகத்தில் பொறுக்கு பொறுக்காகத் துரு இருந்தது. அதன்மேல் புது டிஸ்க்கை மாட்டினால் அது நேராக உட்காராது. கொஞ்சம் கோணினாலே சுற்றும்போது தள்ளாடி, பழைய துடிப்பு திரும்பிவிடும். இரண்டு மணி நேரம் கம்பி பிரஷ், எமரி தாள், ஸ்டட் அடியில் பழைய பல் துலக்கும் பிரஷ். நேர்ப்பட்டையை வைத்து இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். முகக்கவசம் போட்டிருந்தேன், தூசியை ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தேன். பிரேக் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தலை போன ஸ்க்ரூவின் மிச்சத்தை வைஸ் கிரிப்பால் பிடித்ததும் வந்துவிட்டது. நடு வளையத்தில் மட்டும் விரல் நுனியளவு காப்பர் கிரீஸ், இனி அங்கே ஒட்டக்கூடாது என்று. ஸ்டட்டிலோ டிஸ்க் முகத்திலோ படவிடவில்லை. புது டிஸ்க்கின் மேலிருந்த காப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தேன். வீல் நட்டு டார்க் ரெஞ்சில் 108 நியூட்டன் மீட்டர், குறுக்கு மறுக்காக. ஓட்டுமுன் பெடலை அது கெட்டியாகும்வரை மிதித்தேன். முதல் நாலைந்து மிதி அடிவரைக்கும் போகும்.

மறுநாள் விடியற்காலை, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்குமுன், எண்ணூர் விரைவுச் சாலையில் 50-இலிருந்து 10 வரை பத்துமுறை மெதுவாகக் குறைத்துப் பேடைப் பழக்கினேன். பெடலில் துடிப்பு இல்லை, ஸ்டீயரிங் அசையவில்லை. 100 கி.மீ. கழித்து நட்டுகளை மறுபடி சோதித்தேன், ஒன்றும் தளரவில்லை.

அடுத்தது பின் டிரம். அதிலும் தள்ளுவதற்கு 8 மி.மீ. மரைத்துளை இரண்டு இருக்கிறது. நேற்றே அதில் ஊறவிட ஆரம்பித்துவிட்டேன், இந்த முறை முதலில் 8.8 போல்டு வாங்கிவிட்டு.