219-க்கு 212
2010 மார்ச் 21, ஞாயிறு இரவு, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியினர் ஒருவரது வாக்குகூட இல்லாமல் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்த மசோதா 219-க்கு 212 என்ற வாக்குகளில் நிறைவேறியபோது, மக்களில் பெரும் பகுதியினர் அதை ஐயத்தோடுதான் பார்த்தார்கள். அந்த ஐயத்தை அறியாமை என்று ஒதுக்கியது பெருந்தவறு. இப்போதுள்ள காப்பீடு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதைய அதிபர் ஒபாமா திரும்பத் திரும்பச் சொன்ன உறுதிமொழி, 2013-இன் பிற்பகுதியில் லட்சக்கணக்கானோருக்கு ரத்துக் கடிதங்கள் வந்தபோது பொய்த்துப்போனது. ஆனாலும், மார்ச் 23 அன்று அவர் 22 பேனாக்களை மாற்றி மாற்றிக் கையெழுத்திட்ட மேசையருகே, காப்பீட்டை இழந்த தன் தாயை நோய்க்குப் பறிகொடுத்த 11 வயதுப் பிள்ளை நின்றிருந்த காட்சி என் நினைவை விட்டு அகலவில்லை. முன்பே நோயுள்ளவர் என்று காரணம் காட்டிக் காப்பீடு மறுப்பதை 2014 முதல் அச்சட்டம் தடுத்தது. அந்த ஒரு பிரிவுக்காகவே நான் அதை ஆதரிக்கிறேன்.