ஒப்பந்தத்தில் இல்லாத சிலிக்கா ஜெல்

பாளையங்கோட்டையில் நான் பணிபுரியும் கல்லூரியின் வேதியியல் துறையில், கருவிகளின் பராமரிப்பை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் ஓய்வு பெற்றபோது, அவர் இடத்துக்கு வேறொருவரை நியமிப்பதைக் காட்டிலும் ஆண்டு ஒப்பந்தம் போடுவதே மலிவு என்று கணக்குப் பார்த்தார்கள். தாளில் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு சேர்மங்களை ஆராயும் எங்கள் எஃப்.டி.ஐ.ஆர். கருவிக்குள், ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டர் பொட்டாசியம் புரோமைடால் ஆனது. அதுவும் ஓர் உப்பு என்பதால் ஈரக்காற்று பட்டால் மங்கிவிடும். அதற்காகவே உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை வைத்திருப்பார்கள். பழைய உதவியாளர் திங்கள்கிழமைதோறும் அதை எடுத்துப் பார்ப்பார். நீலம் போய் இளஞ்சிவப்பு ஏறியிருந்தால், மணிகளைத் தட்டில் கொட்டி 110 டிகிரி ஓவனில் உலர்த்தி, நீலம் திரும்பிய பிறகே பையில் போடுவார். இந்த வேலை எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. சர்வீஸ் இன்ஜினியர் வருவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஐப்பசி அடைமழை அதுவரை காத்திருக்குமா?

கார்த்திகையில் சிக்னல் பாதியாகக் குறைந்தது. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்த இன்ஜினியர் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, பத்தே நிமிடத்தில் பீம் ஸ்பிளிட்டர் போய்விட்டது என்றார். உதிரிபாகமும் சேர்ந்த சி.எம்.சி. எனும் முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்தானே என்று நாங்கள் கேட்டபோது, ஈரத்தால் வரும் சேதம் அதில் சேராது என்ற வரியைக் காட்டினார். அவர் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை; கையெழுத்துப் போடுமுன் அந்த வரியை நாங்கள்தான் வாசித்திருக்க வேண்டும்.

வெளியே கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. லேசர், டிடெக்டர், மின்னணு போர்டு ஆகியவற்றில் நாம் கைவைக்கவே கூடாது. ஆனால் பி.எச். எலக்ட்ரோடைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மூழ்க வைப்பதற்கும், சென்ட்ரிஃபியூஜின் கார்பன் பிரஷ்ஷை மாற்றுவதற்கும் சென்னையிலிருந்து ஆள் வரவேண்டுமா? ஒளி உறிஞ்சப்படும் அளவைக் காட்டும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில், பெர்மாங்கனேட்டின் நிறத்தைக் கண்ணுக்குத் தெரியும் 525 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் மாணவருக்கு, புற ஊதா ஒளிக்கான டியூட்டீரியம் விளக்கே தேவையில்லை. அதை அணைத்து வைத்தால், ஆயிரம் மணி நேரம் போல உழைக்கும் அந்த விளக்கின் ஆயுள் மிச்சமாகும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் விளக்கும் கண்ணாடிச் சாமான்களும் நம் செலவுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவியோடு யூசிக் எனும் பல்கலைக்கழக அறிவியல் கருவி மையங்கள் தொடங்கப்பட்டதன் நோக்கங்களுள் ஒன்றே, பழுது பார்க்கும் கை வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். அது இன்று பலருக்கு மறந்துபோயிற்று.

இவ்வாண்டு புதுப்பிக்கும்போது இரண்டு வரிகள் சேர்க்கச் சொன்னோம். அழைத்த 48 மணி நேரத்துக்குள் ஆள் வரவேண்டும். சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'திருப்திகரமாக இயங்குகிறது' என்று மட்டும் எழுதாமல், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில், அலைநீளம் சரியா என்று சோதிக்க உதவும் ஹோல்மியம் ஆக்சைடு ஃபில்டரை வைத்து எடுத்த அளவுகளையும் இணைக்க வேண்டும். முதல் வரிக்குக் கூடுதல் பணம் கேட்டார்கள், கொடுத்தோம். சிலிக்கா ஜெல்லை மட்டும் ஒப்பந்தத்தில் சேர்க்கவில்லை. திங்கள்கிழமை காலையில் வகுப்புக்குப் போகுமுன் நானே பையை எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.