கணக்குக் கேட்க ஆளில்லாத காசு

சம்பள ஏடிஎம் கார்டு கணவரிடம், கையில் பஸ் காசு மட்டும் என்று வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு, பிரிந்து வந்த பிறகும் பயம் போவதில்லை. நாற்பது ரூபாய்க்குப் பூ வாங்கிவிட்டு, பில் இல்லையே என்று பதறுவார்கள். வங்கி எஸ்எம்எஸ் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இது கஞ்சத்தனமில்லை, பழக்கப்பட்ட பயம்.

முதலில் வேறொரு வங்கியில் தனிக் கணக்கு. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கே போதும். அதற்குப் புது சிம். பழைய எண் கணவர் கையில் இருந்தால் ஓடிபியும் அங்கேதான் போகும். சம்பளத்தை மாற்றுங்கள், யுபிஐ பின்னை மாற்றுங்கள், நாமினி பெயரையும் பாருங்கள். உங்கள் பெயரில் கடன் ஏதும் இருக்கிறதா என்று சிபில் (கடன் வரலாறு) அறிக்கையில் தெரியும்; வருடத்துக்கு ஒன்று இலவசம்.

மனசுக்கு: வாரம் இருநூறு ரூபாயைத் தனி பர்ஸில் வையுங்கள். அதற்கு மட்டும் கணக்கு எழுதாதீர்கள். முதல் சில வாரம் செலவே ஆகாது, ஆகாவிட்டால் போகட்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: "எனக்குப் பணம் பார்க்கத் தெரியாது" என்று மொத்தத்தையும் அண்ணனிடம் கொடுத்துவிடுவார்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், கார்டு உங்களிடம் இருக்கட்டும்.

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது போன்ற பொருளாதார வன்முறையையும் வன்முறையாகவே சொல்கிறது. அடி வாங்கியிருக்க வேண்டும் என்றில்லை. சீதன நகையைத் திரும்பக் கேட்கவும் அதில் வழி உண்டு. உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.