‘40 முதல்’, ‘40-க்கு மேல்’

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கூலிக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பழம் பறிக்கிறவர்களுக்கு அன்றைய எடையைப் பொறுத்துக் கிலோவுக்கான ரேட் மாறும், எல்லைகள் 20, 40, 60. இந்த மூன்றையும் வரிசையாக ஒரு பட்டியலில் வைத்து, எடையை அதில் எந்த இடத்தில் நுழைக்கலாம் என்று பைனரி சர்ச்சிடம், அதாவது வரிசையைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் முறையிடம், கேட்டால் கிடைக்கிற இடத்தின் எண்தான் எந்த ரேட் என்று சொல்லும். மூன்று எல்லைக்கு ஒரு லூப்பே போதும், ஆனால் மலையில் சிக்னல் போய்ப் போய் வருவதால் தாமதமாகச் சேரும் எடைச் சீட்டுகளைத் தேதி வரிசையில் நுழைக்கப் பைத்தான் மொழியில் பைனரி சர்ச்சைச் செய்து தரும் பைசெக்ட் மாட்யூலை ஏற்கெனவே வைத்திருந்தேன், இங்கேயும் அதையே போட்டேன்.

முதல் சம்பள நாள் சாயங்காலம் கணக்குப்பிள்ளை போன் செய்தார். “தம்பி, நாப்பத்தொண்ணு பறிச்சவங்களுக்குச் சரியா வந்திருக்குதுங்க, நாப்பது பறிச்சவங்களுக்குத்தான் பழைய ரேட்டே போட்டிருக்குது.”

நான் போட்டிருந்தது பைசெக்ட் லெஃப்ட். பட்டியலில் ஏற்கெனவே 40 இருக்கும்போது இன்னொரு 40 வந்தால் அது முன்னால் உள்ள இடத்தைத் தரும், 0-விலிருந்து எண்ணினால் 1. ரைட் என்றால் பின்னால் உள்ள இடம், 2. நான் சோதித்துப் பார்த்த எடைகள் 35, 45, 62. எல்லாவற்றுக்கும் இரண்டும் ஒரே விடைதான். ஆனால் அங்கே எடையை முழுக் கிலோவாகத்தான் எழுதுகிறார்கள், அப்புறம் 38-இல் நிற்கிறவர் எப்படியாவது இன்னும் இரண்டு கிலோ பறித்து 40-ஐத் தொட்டுவிட்டுத்தான் தராசுக்கு வருவார். சரியாக 40 என்பது அபூர்வமான எண் இல்லை, அவர்கள் குறிவைத்துப் பறித்த எண். அவர்களுக்குத்தான் கூலி குறைந்தது என்பது அன்று இரவு மனதை அரித்தது.

ஒரு வார்த்தையை மாற்றினேன், பாக்கியை மறுநாளே கொடுத்துவிட்டார்கள். நேரில் போய்ச் சொல்ல மலையேறும்போது கூட வந்த ஜூனியர், பைசெக்ட் வேகமாயிற்றே, தேதி வரிசைச் சீட்டு பத்து லட்சம் ஆனாலும் தாங்குமா என்று கேட்டான். இடத்தைக் கண்டுபிடிக்க 20 ஒப்பீடு, இந்தப் பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவோ அத்தனைதான். ஆனால் நுழைப்பதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் ஒவ்வொரு இடம் தள்ள வேண்டும், அந்த வேலையைப் பைனரி சர்ச் குறைக்காது என்றேன்.

தோட்ட அலுவலகச் சுவரில் ரேட் அட்டவணை ஒட்டியிருந்தது. ‘40 முதல்’ என்று எழுதியிருந்தார்கள், ‘40-க்கு மேல்’ என்று இல்லை. முதல் என்றால் ரைட், மேல் என்றால் லெஃப்ட். நிரலில் பைசெக்ட் வரிக்கு மேலே இதைத் தமிழிலேயே கமெண்டாக எழுதி வைத்திருக்கிறேன்.