விங் சுன் முதல் வடிவம்: முன்னேற்றத்தை முழங்கையில் பார்க்கலாம்

சீனத் தற்காப்புக் கலையான விங் சுன் குங்ஃபூவில் முதலில் கற்றுத்தரும் வடிவம், அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு, சியு நிம் தாவ். இதில் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை. உதையும் குதியும் கிடையாது. நின்ற இடத்தில் நின்றபடி கைகளை மட்டும் நகர்த்த வேண்டும். விங் சுன் ஆசான் இப் மான் 1950இல் ஹாங்காங்கின் உணவகத் தொழிலாளர் சங்கத்தில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய மரபில் இது மூன்று பகுதிகளாக இருக்கிறது. இந்தக் குறிப்பு முதல் பகுதிக்கு மட்டுமானது. பலர் அவசரமாகக் கடந்துபோவதும் அதைத்தான்.

முதலில் நிலை. பாதங்களைச் சேர்த்து நின்று முழங்காலை மடக்கிச் சற்றே இறங்க வேண்டும். குதிகாலை ஊன்றியபடி முன்பாதங்களை வெளியே திருப்பி, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகால்களை வெளியே தள்ளினால் கால்விரல்கள் உள்நோக்கி நிற்கும். அகலம் அவரவர் பாத நீளத்துக்கு ஏற்பத் தானாக அமைந்துவிடும். இடுப்பை லேசாக முன்னால் சுருட்டினால் முழங்காலிலிருந்து தோள்வரை ஒரே கோடாக வரும்.

இங்கே இரண்டு தவறுகள் வரும். முழங்கால்களை உள்ளே போட்டு நெருக்கினால் மூட்டின் உட்பக்கம் வலிக்கும். கால்விரல் திருப்பத்தைக் குறைத்து, முழங்கால் இரண்டாம் விரலின் திசையில் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் சரியாகும். இன்னொன்று, இடுப்பைச் சுருட்டுவதாக நினைத்து முதுகைப் பின்னால் சாய்ப்பது. அப்படி ஐந்து நிமிடம் நின்றால் கீழ்முதுகு காட்டிக்கொடுத்துவிடும். யாரையாவது நெஞ்சில் கைவைத்து மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். அழுத்தம் குதிகாலில் இறங்கினால் நிலை சரி. இடுப்பில் மடிந்தால் சரியில்லை.

இனி கை. உள்ளங்கை மேல்நோக்கிய 'தான் சௌ' என்ற கைநிலை மார்பின் நடுவிலிருந்து மிக மெதுவாக முன்னே போகும். முழங்கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு முஷ்டி அகலம் வந்ததும் நிறுத்த வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றி, விரல்நுனி மேல்நோக்கிய காவல்கையான வூ சௌவாக மெல்லப் பின்னிழுத்து, மணிக்கட்டை உள்ளே மடக்கிய ஃபூக் சௌவாக மாற்றி மறுபடி முன்னே தள்ள வேண்டும். தள்ளுவதும் இழுப்பதும் மூன்று தடவை. கையை நகர்த்துவது முழங்கைதான். மணிக்கட்டு அதன் பின்னால் வருகிறது, அவ்வளவே. வேகமாகச் செய்தால் தோள்தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், செய்பவருக்கோ அது தெரியவே தெரியாது. மெதுவாகச் செய்யச் சொல்வதன் காரணம் இதுதான், தியான அழகுக்காக அல்ல.

ஃபூக் சௌவில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். முழங்கையை உடம்பின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவர முயன்றால் தோள் மேலே எழும், அல்லது மார்பு குழிந்து முதுகு கூனும். அப்படி எழுந்தால் முழங்கையை வந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தோளை இறக்குவதே முக்கியம். முழங்கை உள்ளே வர மாதக்கணக்காகும். வலுக்கட்டாயமாகத் திணித்தால் தோள்மூட்டு முன்புறம் உறுத்தும். கராத்தே பழகியவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பின்னிழுக்கும் முஷ்டி பழக்கதோஷத்தில் இடுப்புக்கு இறங்கிவிடும். இங்கே அது மார்பின் பக்கவாட்டில், உடம்பைத் தொடாமல் நிற்க வேண்டும்.

முதல் மாதத்தில் நடுங்குவது தொடை. அது அடங்கும்போது கவனம் தோளுக்குப் போகும், அதன்பிறகே முழங்கைக்கு. இந்த வரிசை மாறுவது அரிது. ஆகவே நிலை நடுங்கும் நாட்களில் கையைத் திருத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். மூச்சை எண்ணவும் வேண்டாம்; அடக்காமல் இருந்தாலே போதும்.

கண்ணாடி முன் சரியாகத் தெரிவதெல்லாம் சரியல்ல என்பதை ஒருகை சீ சௌ, அதாவது இருவர் ஒரு கையை ஒட்டவைத்துச் செய்யும் பயிற்சி, பத்து நிமிடத்தில் புரியவைக்கும். ஒருவர் கை 'தான் சௌ' நிலையில், எதிரில் இருப்பவர் கை அதன்மேல் ஃபூக் சௌ நிலையில் இருக்கும். முதலாமவர் உள்ளங்கையால் தள்ளினால் மற்றவர் முழங்கையை அமிழ்த்தும் ஜம் சௌவால் தடுத்து உடனே குத்துவார். அதை முதலாமவர் முழங்கையை உயர்த்தும் போங் சௌவால் ஏற்று, திரும்பத் தொடக்க நிலைக்கு இறங்குவார். முழங்கை வெளியே விரிந்திருந்தால் தள்ளல் நேரே நெஞ்சுக்கு வரும். கையை இறுக்கினாலோ எதிராளி தன் கையை எடுத்ததும் இறுக்கியவரின் கை பக்கவாட்டில் வழுக்கும். முன்னோக்கிய சிறு அழுத்தம் இருந்தால் அந்தக் கை தானாகவே நேராக முன்னே பாயும்.

குத்துக்குச் சுவர்ப்பை. மூன்று அறைகள் கொண்ட கித்தான் பை, நடு அறை நெஞ்சு மட்டத்தில். தொடக்கத்துக்கு மணலைவிடப் பச்சைப்பயறு நல்லது, இடித்தால் விலகி இடம் கொடுக்கும். வண்டு விழும் என்பதால் அவ்வப்போது வெயிலில் காயவைக்க வேண்டும். முஷ்டி செங்குத்தாக, கீழ் மூன்று கணுக்களும் சேர்ந்து பட வேண்டும். சுண்டுவிரல் கணு மட்டும் பட்டால் அதன் பின்னெலும்பு முறியலாம். மணிக்கட்டு மடங்குகிறதென்றால் விசை அதிகம். பாதியாகக் குறைக்க வேண்டும். தோல் உரிந்தால் ஆறும்வரை பையை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் தொடரலாம்.