அலைநீளம் மட்டும் போதாது

மண்ணின் ஈரத்தையும் பயிரின் நிலையையும் கண்காணிக்க எந்த ரேடார் செயற்கைக்கோள் சிறந்தது என்று எங்கள் அலுவலகத்துக்கு வருவோர் பலரும் கேட்கிறார்கள். நிலத்துக்கு மேலே எவ்வளவு இலை நிற்கிறது, செயற்கைக்கோள் எந்த வேளையில் கடக்கிறது என்ற இரண்டையும் பாராமல் அதற்கு விடை சொல்ல இயலாது என்பதே, சிங்கப்பூரில் இப்பணியைச் செய்துவரும் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

பூமத்தியரேகையை ஒட்டிய இவ்வட்டாரத்தில் மேகமில்லாத வானம் அரிது. 2015-இல் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மட்கிய தாவரங்கள் அடர்ந்த பீட் சதுப்பு நிலங்கள் எரிந்து புகைமூட்டம் சிங்கப்பூரைச் சூழ்ந்தபோது, ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோள்களுக்கு மேகத்தோடு புகையும் தடையாயிற்று. ரேடார் அலைகள் இரண்டையும் ஊடுருவிச் செல்லும். மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதைக் காட்டும் ஒப்புமை விடுதிறன், தண்ணீருக்கு ஏறத்தாழ 80. உலர்ந்த மண்ணுக்கோ அது 3 முதல் 5 வரைதான். ஆகவே மண் நனைய நனைய, அதில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை வலுக்கிறது. ஆனால் இலையிலும் தண்ணீர் இருக்கிறது; சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ரேடாரின் அலைநீளம் கூடக் கூட, அது இலைகளைக் கடந்து செல்வதும் கூடும். டெராசார்-எக்ஸ் என்ற செயற்கைக்கோள் பயன்படுத்தும் எக்ஸ் அலைவரிசையின் அலைநீளம் 3 சென்டிமீட்டர். அது பெரும்பாலும் மேல் இலைகளிலேயே சிதறிவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் அனுப்பும் சி அலைவரிசைக்கு அது 5.5 சென்டிமீட்டர். நெல் வயலுக்கு சி அலைவரிசை மிகவும் பொருந்துகிறது: நடவுக்காக நீர் நிறுத்திய வயல் கண்ணாடியைப் போல அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும், பயிர் தூர்கட்டி உயர உயர, அதே இடம் வாரந்தோறும் வெளுத்துக்கொண்டே வரும். மலேசியாவில் சிலாங்கூரின் செக்கிஞ்சான் வயல்களிலும் தஞ்சை டெல்டாவிலும் நடவு நாளைக் கணிக்க இதைவிட எளிய வழியை நான் அறியேன்.

பாமாயில் தரும் செம்பனையின் தோட்டம் வேறு கதை. ஜொகூரில் ஒரு தோட்டத்தில் ஈரமானியின் கம்பிகளை மண்ணில் செருகி அளந்துகொண்டிருந்தோம். முந்தைய மாலை பெய்த தூறலின் நீர் ஓலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. உடன் வந்த மேற்பார்வையாளர், "தம்பி, மேலதான் நனைஞ்சிருக்கு, அடிமண்ணு காஞ்சு கெடக்கு" என்றார். அளவீடும் அதையே சொன்னது. அன்று காலை எடுக்கப்பட்ட சி அலைவரிசைப் படமோ தோட்டம் முழுவதையும் பிரகாசமாகக் காட்டியது. அந்தப் பிரகாசம் ஓலைக்குரியது, மண்ணுக்குரியதன்று.

இத்தகைய இடங்களுக்கு 24 சென்டிமீட்டர் நீளமுள்ள எல் அலைவரிசையே ஏற்றது என்பது பொதுவான அறிவுரை. ஜப்பானின் ஆலோஸ்-2 செயற்கைக்கோள் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஓலைகளைப் பெருமளவு கடந்து அடிமரத்தையும் நிலத்தையும் எட்டுவதால் அந்த அறிவுரை சரியானதே. ஆயினும் சென்டினல்-1, ஆலோஸ்-2 படங்களை ஒப்பிடும்போது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சென்டினல்-1 சூரிய நேரப்படி காலை, மாலை 6 மணியளவில் கடக்கிறது. சிங்கப்பூர்க் கடிகாரத்தில் அது ஏறத்தாழ 7 மணி. ஆலோஸ்-2 கடப்பதோ நண்பகலிலும் நள்ளிரவிலும். விடியலில் பனித்துளியும், மாலையில் பிற்பகல் மழையின் ஈரமும் இலைமேல் இருக்கும்; நண்பகலுக்குள் பெரும்பாலும் அவை உலர்ந்துவிடும். அப்படியிருக்க, இரு படங்களின் வேறுபாட்டை முழுவதும் அலைநீளத்தின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. அறிக்கைகளில் கடக்கும் நேரத்தையும் மழைமானிப் பதிவையும் சேர்க்கும்படி நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2015 ஜனவரியில் ஏவப்பட்ட நாசாவின் மண் ஈரச் செயற்கைக்கோளான ஸ்மாப், எல் அலைவரிசை ரேடாரோடு காலை, மாலை 6 மணிக்கே பறந்தது. அந்த ரேடார் அதே ஆண்டு ஜூலையில் செயலிழந்தது பேரிழப்பு. நிலம் தானாக வெளியிடும் நுண்ணலையை அளக்கும் அதன் கதிர்வீச்சுமானி தொடர்ந்து இயங்கினாலும், அந்தக் கருவியின் பிரிதிறன் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சிங்கப்பூரின் பெரும்பகுதி ஒரே படப்புள்ளிக்குள் அடங்கிவிடும்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார் செயற்கைக்கோள்மீது நான் பெரிதும் நம்பிக்கை வைத்திருக்கிறேன். நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய அது, 12 நாள்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. காலை, மாலை 6 மணியளவிலேயே அதுவும் கடப்பதால், அதன் எல் அலைவரிசையையும் சென்டினல்-1-இன் சி அலைவரிசையையும் ஏறத்தாழ ஒரே வேளையில் வைத்து ஒப்பிடலாம். முதலில் பார்க்க விரும்புவது, ஓலை நனைந்த காலைகளில் ஜொகூர்த் தோட்டங்களின்மேல் இவ்விரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்பதையே.